சுவாமி சகஜானந்தர்: தங்கவயலிலிருந்து கல்லாங்குத்து வரை ஒரு நிலக்கேள்வி

விழுப்புரம், திண்டிவனம், வானூர் வட்டாரங்களில் கல் குவாரி பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் இரண்டு தரப்புகளின் குரலே கேட்கிறது. சாலைக்கும் கட்டடத்திற்கும் கருங்கல்லும் ஜல்லியும் வேண்டும், அதனால் வேலையும் வருவாயும் பெருகும் என்பது ஒன்று. குன்றும் ஏரியும் தொல்லியல் தடமும் பொதுச்சொத்து, அவற்றைத் தொடக்கூடாது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சமன்செய்வதே நல்லாட்சி என்று அரசு சொல்கிறது. வெடி வைக்கப்படும் குன்றின் அடிவாரத்தில் குடியிருப்பவர்கள், அக்குன்றின் கல்லை உடைத்துக் கூலி பெறுபவர்கள், அந்நிலத்தில் ஆடு மேய்த்தும் பிணம் புதைத்தும் வந்தவர்கள் இந்தத் தராசின் எந்தத் தட்டிலும் வைக்கப்படுவதில்லை. அவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற தலித்துகள்.

இந்த விடுபடலைப் புரிந்துகொள்ள சுவாமி சகஜானந்தரின் வாழ்வு நமக்கு உதவும் என்று கருதுகிறோம். சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவிய கல்வியாளர், தில்லையில் ஆலய நுழைவுக்கு வாதிட்ட சைவத் துறவி என்றே அவர் பெரும்பாலும் நினைக்கப்படுகிறார். இவ்விரு அடையாளங்களும் உண்மையே. ஆனால் அவர் வாழ்வு திண்டிவனத்தின் மிஷன் பள்ளி, கோலார் தங்கச் சுரங்கம், தென்னார்க்காட்டின் புறம்போக்கு நிலங்கள் ஆகிய மூன்றின் ஊடாகச் சென்ற வாழ்வு என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

பஞ்சமி ஆணையின் காலத்தில் பிறந்தவர்

1890ஆம் ஆண்டு ஜனவரி 27 அன்று, அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில் அவர் பிறந்தார். தந்தை அண்ணாமலை, தாய் அலமேலு. பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி.

அவர் பிறந்த மறு ஆண்டில் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்ஹீர், தம் மாவட்டத்தின் தீண்டப்படாத மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். குடியிருக்கும் மனைகூடத் தமக்குச் சொந்தமில்லாத மக்கள், மிராசுதாரர் நினைத்த மாத்திரத்தில் வெளியேற்றப்படக்கூடிய நிலையில் இருந்தனர். தரிசு நிலத்தை அரசிடம் தர்க்காஸ்து மூலம் கேட்டுப் பெறவும் முடியவில்லை. ஊர்த் தரிசின் மீது தமக்கே முன்னுரிமை உண்டு என்று நிலவுடைமைச் சாதியினர் தடுத்தனர். அவ்வறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று வெளியான அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. பத்தாண்டுகளுக்கு நிலத்தை விற்கவோ மாற்றவோ கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே மாற்றலாம் என்ற நிபந்தனை அதில் இடம்பெற்றது. அதே காலத்தில் பண்டிதர் அயோத்திதாசரும், ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் நிலமற்றோருக்குத் தரிசு நிலமும் வேண்டும் என்ற கோரிக்கையைப் பொது அரங்குகளில் முன்வைத்தார்.

இவற்றில் ஒரு செய்தி நம் விவாதத்திற்கு முக்கியமானது. ஊர்ப் பொதுநிலம் என்று சொல்லப்பட்டது நடைமுறையில் ஒருபோதும் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததில்லை. ஊருக்குப் பொதுவானது சேரிக்குப் பொதுவாகவில்லை. ஆகவே பொதுநிலத்தைக் காக்க வேண்டும் என்று இன்று நாம் சொல்லும்போது, யாருக்காக என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

திண்டிவனமும் தங்கவயலும்

தொடக்கக் கல்வியை ஊரில் முடித்த முனுசாமி, திண்டிவனத்தில் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். சேரிப் பிள்ளைகளுக்குப் பிற பள்ளிகளின் கதவு மூடியிருந்த காலத்தில் மிஷன் பள்ளிகளே அவர்களுக்கு எழுத்தறிவுக்கான வழியாக இருந்தன. விவிலியப் பாடத்தில் அவர் சிறந்து விளங்கினார். ஆசிரியர்கள் அவரைக் கிறித்தவராக்க விரும்பினர். சிகாமணி என்று பெயரிட்டும் அழைத்தனர். மதம் மாற அவர் இசையவில்லை. அத்துடன் அப்பள்ளிப் படிப்பு நின்றது.

அதன்பின் அவர் சென்று சேர்ந்த இடம் கோலார் தங்கவயல். அவருடைய குடும்பம் பிழைப்புத் தேடி அங்கே போயிருந்தது. ஜான் டெய்லர் நிறுவனம் 1880களில் அங்கே நவீன முறையில் சுரங்கம் தோண்டத் தொடங்கியது முதல் வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தலித் குடும்பங்கள் அங்கே குடியேறின. பண்ணையாரின் நிலத்தில் அடிமைப்பட்டுக் கிடப்பதைவிட, உயிருக்கு ஆபத்தான பூமிக்கடி வேலை அவர்களுக்கு விடுதலையாகத் தோன்றியது. மாதக்கூலி பணமாகக் கையில் வந்தது. கிராமத்தில் எழுத முடியாத பெயரை அங்கே எழுத முடிந்தது. அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. 1907இல் அவர் தொடங்கிய வார இதழுக்கு அங்கே உறுதியான வாசகர்கள் இருந்தனர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்த அந்த ஊர், தலித் அறிவியக்கத்தின் களங்களில் ஒன்றாகவும் வளர்ந்தது.

இதை நாம் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுரங்கம் என்றாலே அழிவு என்று எளிதாகச் சொல்லிவிடும் வழக்கம் சூழலியல் எழுத்தில் இருக்கிறது. நிலமற்றவனுக்குச் சுரங்கம் சில வேளைகளில் சாதியிலிருந்து தப்பும் வழியாகவும் இருந்திருக்கிறது. ஆனால் அந்த வழி எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும் பார்க்க வேண்டும். சுமார் 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கத்தைத் தந்த அவ்வயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. சயனைடு கலந்த மணல் மேடுகளும் நுரையீரலைக் கல்லாக்கும் சிலிக்கோசிஸ் நோயும் அம்மக்களிடம் எஞ்சின. மூன்று நான்கு தலைமுறைகள் வாழ்ந்த வரிசை வீடுகள்கூட அவர்கள் பெயரில் இல்லை. சுரங்கம் நடந்த காலத்தில் தொழிலாளிக்குக் கூலி கிடைத்தது. நிலத்தின் மீதோ கனிமத்தின் மீதோ உரிமை பிறக்கவில்லை.

மடத்தைப் பள்ளியாக்கிய துறவி

தங்கவயலில் முனுசாமியின் நாட்டம் ஆன்மிகத்தின் பக்கம் திரும்பியது. அங்கிருந்து சென்னை வியாசர்பாடிக்கு வந்து, கையையே உண்கலமாகக் கொண்டதால் கரபாத்திர சுவாமிகள் என்று பெயர்பெற்ற சிவப்பிரகாசரின் சீடரானார். சகஜானந்தர் என்ற பெயர் அங்கே கிடைத்தது. 1910ஆம் ஆண்டு அவர் சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

நந்தனாரை வாசலில் நிறுத்தியதாகச் சொல்லப்படும் ஊர் அது. நந்தனார் ஒரு பண்ணைக் கூலி என்பதை அவர் பெயரால் பக்தி பாடிய பலரும் மறந்தனர். சகஜானந்தர் மறக்கவில்லை. ஓமக்குளத்தில் நந்தனார் மடத்தை அமைத்த அவர், 1916இல் அதே பெயரில் பள்ளியைத் தொடங்கினார். சில பிள்ளைகளோடு தொடங்கியது, விடுதியோடு கூடிய பெரும் கல்வி நிலையமாக வளர்ந்தது. தென்னார்க்காடு, தஞ்சை மாவட்டங்களின் பண்ணைக் கூலிகளின் பிள்ளைகள் அங்கே வந்து படித்தனர். முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் அரசு ஊழியர்களும் அப்பள்ளியிலிருந்து உருவாகினர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக இயங்கும் நந்தனார் அரசுப் பள்ளிகள் இன்றும் அவர் பணியின் தொடர்ச்சியாக நிற்கின்றன.

அவருடைய அமைப்புப் பணியில் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். பள்ளியை அவர் பிறர் தயவில் இருந்த இடத்தில் நிறுத்திவைக்கவில்லை. சிறிது சிறிதாக நன்கொடை திரட்டி, பள்ளிக்கும் மடத்துக்குமென நிலம் சேர்த்தார். திண்டிவனத்தில் மதத்தின் பொருட்டுப் படிப்பை இழந்தவர் அவர். கோலாரில் பிறர் நிலத்தில் குடியிருந்த மக்களோடு வாழ்ந்தவர் அவர். கல்வி நிலைக்க வேண்டுமானால் அது நிற்கும் மண் நம்முடையதாக இருக்க வேண்டும் என்ற பாடத்தை அவர் செயலில் நாம் வாசிக்க முடிகிறது.

சட்டமன்றத்தில் நிலம்

1920களின் பிற்பகுதியில் சகஜானந்தர் சென்னை மாகாணச் சட்ட மேலவைக்குச் சென்றார். விடுதலைக்குப் பின் சிதம்பரம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இறுதிவரை இருந்தார். காங்கிரசில் இருந்தவர், சைவத்தை விடாதவர் என்பதால் அவரை மென்மையானவர் என்று மதிப்பிடுவோர் உண்டு. அவையில் அவர் எடுத்துச் சென்ற பிரச்சினைகளைப் பார்த்தால் அம்மதிப்பீடு நிற்காது. குடிமனை, குடிநீர்க் கிணறு, சேரிக்குச் செல்லும் பாதை, சாகுபடிக்குரிய தரிசு, மாணவர் உதவித்தொகை ஆகியவையே அவர் கவலைகளாக இருந்தன.

அந்நாளில் ஒடுக்கப்பட்டோர் நலன் தொழிலாளர் ஆணையரின் பொறுப்பில் இருந்தது. மனை எடுத்துக் கொடுப்பதும் கிணறு வெட்டுவதும் தரிசை ஒப்படைப்பதும் அவர் அலுவலகத்தின் வேலை. எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் போன்ற தலைவர்களும் இதே தடத்தில் போராடினர். எல்லாரும் சந்தித்த தடை ஒன்றே. ஆணை சென்னையில் பிறக்கும். அளவைக்கல் நடவேண்டிய ஊரில் கர்ணமும் மணியக்காரரும் நிலவுடைமைச் சாதியினராக இருப்பர். நல்ல நிலம் ஏதோ ஒரு வகையில் ஊருக்குரியதாகிவிடும். கல்லும் முள்ளும் நிறைந்த ஓரம் சேரிக்கு விடப்படும்.

வருவாய்க் கணக்கில் கல்லாங்குத்து, பாறை, மேய்க்கால், மந்தைவெளி, சுடுகாடு, அனாதீனம், தரிசு என்றெல்லாம் வகை பிரிக்கப்பட்ட நிலங்கள் சேரி மக்களின் வாழ்வில் சேர்ந்தது இப்படித்தான். வேறு யாருக்கும் வேண்டாத நிலம் என்பதால் அவை அவர்களுக்கு எஞ்சின. பட்டா கிடையாது, பழக்கம் மட்டுமே உரிமை. விறகு, ஆட்டுத் தீவனம், மூலிகை, நடைபாதை, இடுகாடு எல்லாம் அங்கேதான். பின்னாளில் அந்தக் கல்லுக்கே விலை வந்தது.

சகஜானந்தரின் இறுதி ஆண்டுகளில் தென்னார்க்காடு மாவட்டம் பெரிய சுரங்கம் ஒன்றைச் சந்தித்தது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். நாட்டுக்கு மின்சாரம் தேவை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் நிலமெடுப்பின் சட்டம் பட்டாவைப் பின்தொடர்வது. பட்டா இருந்தவருக்கு இழப்பீடு உண்டு. அந்நிலத்தில் தலைமுறையாக உழைத்த கூலிக்கு அதன் கணக்கில் பெயரில்லை. நிலவுரிமையை அடிப்படையாகக் கொண்ட எந்த இழப்பீட்டுச் சட்டமும் நிலமற்றோரை விலக்கியே தொடங்குகிறது என்பதற்கு நெய்வேலி நம் மாவட்டத்துச் சான்று.

1959ஆம் ஆண்டு மே 1 அன்று சகஜானந்தர் மறைந்தார். உழைப்பாளர் நாளில் அவர் மறைந்த அதே ஆண்டில்தான், தமிழ்நாட்டின் கல் குவாரிகளை இன்றளவும் ஆளும் சிறுகனிமச் சலுகை விதிகள் வந்தன.

இன்றைய தராசு

அவர் படித்த திண்டிவனத்தைச் சுற்றி இன்று நாம் காண்பது என்ன? தெற்கே வானூர் வட்டத்தில் திருவக்கரை இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கும் இடம் அது. 1781இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா அதைப் பதிவு செய்தார். 1940இல் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் அதைத் தேசியக் கல்மரப் பூங்காவாக்கியது. அதைச் சுற்றியுள்ள ஊர்களில் கல் குவாரிகளும் ஜல்லி உடைக்கும் ஆலைகளும் இயங்குகின்றன. கிழக்கே பெருமுக்கல் குன்றில் வரலாற்றுக்கு முந்தைய பாறைக் கீறல்கள் உள்ளன. கடற்கரையை ஒட்டிய கழுவெளி ஈரநிலத்தில் 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

விதிகள் இருக்கின்றன. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை தரலாகாது. தேசியப் பூங்கா, சரணாலயம், காப்புக்காடு முதலியவற்றின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2021 நவம்பரில் அரசு விதி வகுத்தது. 2022 டிசம்பரில் அவ்விதியிலிருந்து காப்புக்காடுகளை அரசே நீக்கியது. ஓராண்டுக்குச் சிறிது கூடுதலான காலத்தில் பாதுகாப்பின் எல்லை இப்படிச் சுருங்க முடிந்தது. சமநிலை என்பது யார் அழுத்தம் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நகரும் கோடு என்பதை இது காட்டுகிறது.

இன்னொன்றையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரிலும் வேலி போடப்படுகிறது. ஓர் ஈரநிலம் சரணாலயமாகும்போது அதில் மீன்பிடித்தவரும் மாடு மேய்த்தவரும் ஒரே அறிவிக்கையில் அத்துமீறுவோராக மாறக்கூடும். வன உரிமைச் சட்டம் 2006 காட்டுக்குள் வாழ்வோருக்குச் சமூக உரிமை தருகிறது. வருவாய்த் துறையின் கல்லாங்குத்தில் வாழ்வோருக்கு அத்தகைய சட்டம் இல்லை. குவாரி ஏலத்தில் வைப்புத்தொகை கட்ட முடியாததால் ஒரு வாசல் மூடுகிறது. சரணாலய எல்லையில் பட்டா இல்லாததால் மறு வாசலும் மூடுகிறது.

ஆகவே வளர்ச்சியா பாதுகாப்பா என்ற கேள்விக்கு முன்னால் தீர்க்கப்பட வேண்டிய கடன் ஒன்று இருக்கிறது. நாட்டின் சட்டமே அதை ஒருவகையில் ஏற்கிறது. ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்று 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நிலமற்ற உழைப்பாளருக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அரசு அறிவிக்கையின்படி தரப்பட்ட குத்தகைகளை விதிவிலக்காக ஏற்றது. பொதுநிலத்தைக் காப்பதும் நிலமற்றவனுக்கு நிலம் தருவதும் முரணானவை என்று நீதிமன்றம் கருதவில்லை.

நடைமுறையிலும் முன்மாதிரிகள் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட நிர்வாகம், ஒப்பந்ததாரர்களிடம் கொத்தடிமைகளாகக் கல்லுடைத்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்கு விட்டது. அவர்களில் பலர் தலித் பெண்கள். கூலி உயர்ந்தது, பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். ஒப்பந்ததாரர்களின் எதிர்ப்பும் அரசின் அக்கறைக் குறைவும் சேர்ந்து அம்முயற்சியை நலிவடையச் செய்தன. முடியாத காரியம் என்பதால் அது நிற்கவில்லை. அதற்கு முன்பே, 1944இல் வைசிராய் அவையின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கரின் காலத்தில், நிலக்கரியின் மீது தீர்வை விதித்துச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி உருவாக்கப்பட்டது. கனிமம் எடுப்பவர் தொழிலாளிக்குக் கடன்பட்டவர் என்ற கொள்கை அதில் இருக்கிறது. 2015இல் சட்டத் திருத்தத்தால் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளைகளும் அதே கொள்கையின் பெயரால்தான் நிற்கின்றன. அந்நிதி குவாரியை ஒட்டிய சேரிக்கு எவ்வளவு வந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பது நம் மாணவர்கள் செய்யக்கூடிய முதல் வேலை.

சகஜானந்தரின் வாழ்விலிருந்து நாம் பெறும் கோரிக்கைகள் தெளிவானவை. எந்தப் புறம்போக்கையும் குவாரிக்கு ஏலம் விடுவதற்கு முன், அதன் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் சேரி மக்கள் பங்கேற்கும் கிராம சபையில் வாசிக்க வேண்டும். இடுகாடு, பாதை, மேய்ச்சல், குடிமனை ஆகிய உரிமைகள் முதலில் எழுதப்பட வேண்டும். அந்நிலமோ அதையொட்டிய நிலமோ பஞ்சமி நிலமாயின் ஏலம் நிற்க வேண்டும். கல்மரப் பூங்காவைச் சுற்றியும் சரணாலயத்தைச் சுற்றியும் எல்லை வரையும்போது, அங்கே வாழ்வோரைக் காவலராகவும் உரிமையாளராகவும் ஏற்க வேண்டும். அனுமதிக்கத்தக்க இடங்களில் குவாரி நடந்தால், கல்லுடைக்கும் தொழிலாளரின் கூட்டுறவுகளுக்கு முன்னுரிமை வேண்டும். கைவிடப்பட்ட ஆழமான குழிகளுக்கு வேலியிடும் பொறுப்பைக் குத்தகைதாரர் தட்டிக்கழிக்கக் கூடாது.

1994 அக்டோபரில் காரணைப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். 1892இல் தரப்பட்ட நிலத்தைத் திரும்பக் கேட்டதற்கு ஒரு நூற்றாண்டு கழித்துக் கிடைத்த பதில் அது. சிதம்பரத்தில் சகஜானந்தருக்கு அரசு மணிமண்டபம் கட்டியிருக்கிறது, அதை வரவேற்கிறோம். அவர் சட்டமன்றத்தில் கேட்ட தரிசும் குடிமனையும் இன்னும் பல ஊர்களில் கேட்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அவர் படித்த திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அடுத்த குவாரி ஏல அறிவிப்பு வரும்போது, அந்தப் புல எண்ணின் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போவதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.